ஒஸ்லோவில் சித்தப்பாவின் ஆட்டைத் திவசம்

ஒஸ்லோவில் இறந்தவர்களின் திதிகூடச் சனிக்கிழமையில்தான் வருகிறது. சித்தப்பா காலமானது சென்ற ஆண்டு மாசி மாதம், தேய்பிறைத் தசமியில். முதலாண்டு நினைவை நாங்கள் ஆட்டைத் திவசம் என்போம். அதற்காகப் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலேயே கணக்குப் பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் தசமி வெள்ளிக்கிழமைச் சூரிய உதயம் தாண்டியும் இருக்கிறது. ஒஸ்லோவின் கடிகாரம் பின்தங்கி ஓடுவதால், அங்கே அன்று பொழுது விடியுமுன்னரே தசமி முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே வியாழக்கிழமைதான் சரியான நாள். இதைத் தொலைபேசியில் விளக்கியபோது வதனி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணை, வியாழன் எனக்கு வேலை. வெள்ளி இவருக்கு வேலை. ஐயருக்கும் கிழமை நாளிலை வேலை. சனிக்கிழமை வைப்பம். அப்பா இஞ்சை இருந்த மனுசன்தானே, அவருக்கு விளங்கும்."

வதனி என் சின்னம்மாவின் மகள். சின்னம்மா என் அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி. இப்படித்தான் அறுபத்திரண்டு வயது வரை நான் எழுதியிருப்பேன்.

நான் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் யார் எப்போது பிறந்தார், யாருக்கு எந்தத் திதி, கோயில் மணிக்கூட்டுக் கோபுரம் எழும்பியது எந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். சென்ற ஆண்டு வதனி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்து, "அப்பா போயிட்டார் அண்ணை" என்றாள். ஆறுதல் சொன்னேன். வைக்குமுன் அவள் கேட்டாள்: "நீங்களும் அங்கை துடக்குக் காக்கிறியள்தானே? கோயிலுக்குப் போயிடாதேங்கோ."

துடக்கு என்பது மரணத்தீட்டு. தகப்பனுக்கு மகன் முப்பத்தொரு நாள் காக்க வேண்டும். சின்னம்மாவின் கணவருக்கு எனக்கேது துடக்கு? விதியைத் தெரிந்தவன் என்ற மிதப்பில் அவளைத் திருத்தினேன். பிறகு, "அண்ணை... உங்களுக்குத் தெரியாதே?" என்றாள்.

அவள் மேல் பிழை இல்லை. அவள் நோர்வேக்குப் போய் முப்பது ஆண்டுகளாகிறது. அங்கே தத்துப் பிள்ளைக்கு அதைப் பால்குடி வயதிலேயே சொல்லிவிடுகிறார்களாம். இவ்வளவு வயதான ஒரு மனிதனுக்கு யாரும் சொல்லாமலா இருந்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள். நான் சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் முதற்பிள்ளை. அம்மா என்று நான் அழைத்தவருக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு மாதக் குழந்தையாக என்னை அவர் கையில் கொடுத்தார்கள். அதன்பின் சின்னம்மாவுக்குப் பிறந்தது வதனி ஒருத்திதான்.

ஓராண்டாக இது என்னுள்ளே கிடந்தது. சின்னம்மாவோடு மாதம் இரண்டு முறை பேசினேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எண்பத்து மூன்று வயது அவருக்கு. நான் ஒஸ்லோ போனது திவசத்துக்காக என்பது உண்மைதான். ஆனால் அவர் வாயால் ஒரு தடவை "மகன்" என்று கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவும் போனேன்.

புதன்கிழமை பிற்பகல் ஒஸ்லோவில் இறங்கினேன். வதனியின் கணவர் குகன் பேருந்து ஓட்டுபவர். அன்று அவருடன் வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததால், குகன் என்னை ஏற்ற வருவதற்குப் பதிலாக அந்த மனிதரின் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தார். "நடுநகரத்துக்கு வந்து, நிலத்தடி ரயிலிலை ரெண்டாம் லைனை எடுத்து புருசெத்திலை இறங்குங்கோ. சின்னப்பிள்ளைகூடத் தனியா வந்திடும்" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

நிலையத்தில் பயணச்சீட்டைக் கேட்க ஆளில்லை, மறிக்கும் கதவும் இல்லை. சீட்டு வாங்கியிருப்பாய் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊர் பஸ் நடத்துநர் ஒருவரை இங்கே கொண்டுவந்து விட்டால் மனம் உடைந்துபோவார். இந்த வியப்பிலேயே வந்த ரயிலில் ஏறிவிட்டேன். சில நிலையங்கள் கழிந்து, வாசலுக்கு மேலிருந்த வரைபடத்தில் புருசெத்தைத் தேடினேன். இல்லை.

எதிரே இருந்த இளைஞன் என் பையில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டான்.

"சார், எங்க போகணும்? புருசெத்தா? ராங் லைன்ல ஏறிட்டீங்க சார். இது மூணு. நீங்க ரெண்டு எடுக்கணும். அடுத்ததுல இறங்கிரலாம், நானும் வர்றேன்."

கோயம்புத்தூர்ப் பையன். மென்பொருள் வேலை. தன் ரயிலை விட்டுவிட்டு என்னோடு இறங்கி, திரும்பிப் போகும் ரயிலில் ஏறி, கோடுகள் பிரிகிற நிலையத்தில் என்னைச் சரியான மேடையில் நிறுத்தினான்.

"உங்க தமிழ் கேக்க அழகா இருக்கு சார். கொஞ்சம் மலையாளம் மாதிரி."

"எங்களுக்கு உங்கடை தமிழ் கொஞ்சம் இங்கிலிஷ் மாதிரிக் கிடக்கு, தம்பி."

சிரித்தான். "யார் வீட்டுக்கு சார்?" என்று கேட்டான். சாதாரணக் கேள்வி. தங்கை வீட்டுக்கு என்றேன். எங்கள் மொழியில் இது ஒரு வசதி. சின்னம்மாவின் மகள் எப்படியும் தங்கைதான். அவள் மகள் மயூரிக்கு நான் எப்படியும் மாமாதான். ஓராண்டுக்கு முன் எனக்குத் தெரியவந்த செய்தியால் மாற வேண்டியிருந்தவை இரண்டே முறைப்பெயர்கள். அதில் ஒருவர் இறந்துவிட்டார்.

புருசெத்தில் வரிசையாக அடுக்குமாடிகள். பனி உருகி மறுபடி உறைந்து கிடந்தது. வழுக்காமலிருக்க அதன்மேல் சரளைக் கல் கொட்டியிருந்தார்கள். நான் கோயில் வீதியில் வெறுங்காலோடு நண்பகலில் நடப்பவனைப்போல் எட்டி எட்டி வைத்துப் போனேன். வாசலில் சின்னம்மா நின்றார். சேலைக்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறை.

"தம்பி, மெலிஞ்சு போனாய். சீனி வருத்தம் எப்பிடி இருக்கு?"

"கட்டுப்பாட்டிலை இருக்கு, சின்னம்மா."

இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன. முருங்கைக்காய் உறைந்த நிலையில் வந்து, சட்டியில் உயிர்த்திருந்தது. சுவரில் மாலை போட்ட சித்தப்பாவின் படம். சாப்பிட்டபடி அதைப் பார்த்தேன். என்னை வளர்த்த அப்பா சாகும்வரை அடர்ந்த முடியோடு இருந்தவர். என் வழுக்கை எங்கிருந்து வந்தது என்று அவர் பகிடி பண்ணுவதுண்டு. அது வந்த இடம் மாலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. நெற்றியின் இரு ஓரமும் ஏறி நடுவில் ஒரு தீவு மிஞ்சும் அதே வழுக்கை. நான் படம் பார்ப்பதைச் சின்னம்மா பார்த்தார். "இன்னும் ரெண்டு இடியப்பம் வை வதனி" என்றார்.

வியாழக்கிழமை, என் கணக்கின்படி உண்மையான தசமி. அதிகாலையில் தனியாகச் சித்தப்பாவின் படத்துக்கு முன் நின்றுவிட்டு வந்தேன். வேலை முடிந்ததும் வதனி என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒபரா மாளிகையின் வெள்ளைக் கல் கூரை தண்ணீரிலிருந்தே சரிந்து ஏறுகிறது. மக்கள் அதில் ஏறி நடக்கிறார்கள். ஒரு மாளிகையின் தலைமேல் ஏறி நிற்பது இங்கே மரியாதைக் குறைவில்லை. கொஞ்சம் வெயில் எறித்தது. அந்தக் குளிரில் சனங்கள் கோட்டைத் திறந்துவிட்டு, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். ஊரில் பண்ணைப் பாலத்தில் நாங்கள் குடை பிடித்துக்கொண்டு போவோம்.

ஒரு பாட்டனார் தன் பேரனிடம் ஏதோ உரத்துச் சொன்னார். வதனி மொழிபெயர்த்தாள்: "வாயை மூடிக்கொண்டு வெயிலைக் குடி எண்டு சொல்லுறார்."

பிறகு அவள் வெயிலைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணை, சனிக்கிழமை நீங்கள்தான் திவசம் குடுக்கவேணும். ஐயருக்குச் சொல்லிப்போட்டன், மகன் வாறார் எண்டு. அம்மாவுக்குச் சொல்லேல்லை."

"சின்னம்மாவைக் கேளாமலோ?"

"கேட்டா ஓம் எண்டுவாவே? ஆம்பிளைப் பிள்ளை இல்லாத மனுசன் எண்டு ஊர்ச்சனம் அப்பாவின்ரை முகத்துக்கு நேரை சொன்னது. ஒரு நாளும் வாய் திறக்கேல்லை அவர். செத்த பிறகாவது ஒருக்கா மகன் வந்து குடுக்கட்டுமே."

நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கூரையில் நிற்கும்போது என் மனம் நிறைந்துதான் இருந்தது. ஐயர் பெயர் கேட்பார், நான் அப்பாவின் பெயரென்று சித்தப்பாவின் பெயரைச் சொல்வேன், சின்னம்மா அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

திரும்பும் ரயிலில் ஒரு தமிழ்த் தாய் அடம்பிடிக்கும் தன் சிறுவனிடம், "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினது, திருப்பிக் குடுக்கப் போறன்" என்றாள். அவன் நோர்வேஜியத்தில் ஏதோ பதில் சொல்ல, பெட்டியே சிரித்தது. தவிட்டுக்கு வாங்கிய கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? நான் இருக்கையில் நிமிர்ந்தேன். எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் சொல்லப்படவில்லை. நான் எவ்வளவோ குழப்படி செய்தும் அம்மா அதைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளைக்குச் சொன்னால்கூட அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை. நோர்வேயில் வெள்ளி மாலைகளில் வீட்டுக்கு வீடு ரொட்டிக்குள் கறியை மடித்த டாக்கோ சாப்பிடுகிறார்கள், மெக்சிக்கோக்காரருக்கே தெரியாத ஒரு டாக்கோ. வதனி வீட்டில் வெள்ளி மரக்கறி. "என்ரை வகுப்பிலை எல்லாருக்கும் இறைச்சி டாக்கோ, எனக்கு மட்டும் கடலை டாக்கோ" என்று மயூரி முறையிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. "அதுவும் அம்மம்மா அதுக்குள்ளை மோர்மிளகாய் போட்டுத் தருவா, மாமா."

"போட்டும் நீ விடாமல் தின்னுறாய்தானே" என்றார் சின்னம்மா அடுப்படியிலிருந்து.

டாக்கோவுக்கு முன், பிற்பகலிலேயே, ஒரு விருந்தாளி வந்தார். மேல்மாடிக்காரப் பெண். ஐம்பது வயதிருக்கும். கொரிய முகம். கையில் ஒரு தட்டு நிறைய வாஃபிள், மேலே பழுப்புச் சீஸ். அந்தச் சீஸ் தோற்றத்தில் சவர்க்காரத் துண்டு, நாக்கில் இனிக்கும் பால் ரொபி. அவர் குழந்தையாகக் கொரியாவிலிருந்து நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகருக்குத் தத்தெடுக்கப்பட்டு வந்தவர். புதியவர்கள் தன்னிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார்கள் என்றும், தன் வாயிலிருந்து நாட்டுப்புறத் துரொண்ட்ஹெய்ம்ப் பேச்சு வந்ததும் விழுந்துவிடுவார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். மயூரி சிரித்துச் சிரித்தே மொழிபெயர்த்தாள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, மகிழ்ச்சியோடு ஒரு வாக்கியம் சொல்லிக் கையை நீட்டினார். வதனியின் முகம் வெளிறியது. மயூரி யோசிக்காமல் சொன்னாள்: "மாமா, நீங்களும் அடொப்தெர்ட்டாம், தானும் அடொப்தெர்ட்டாம். கை தரட்டாம்."

சின்னம்மாவுக்கு நோர்வேஜியம் பேச வராது. ஆனால் இந்தப் பெண் பல ஆண்டுகளாகத் தன்னைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு சொல், தத்துப்பிள்ளை என்பது, அவருக்கு நன்றாகத் தெரியும். கையிலிருந்த வாஃபிளைத் தட்டில் வைத்தார். வதனிதான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் கை கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"எப்போது சொன்னார்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண். சென்ற ஆண்டு என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கண்ணாடி சொல்லிவிட்டது. ஆனால் யாரிடம் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியாது. உனக்குக் கேட்பதற்கு ஆளாவது இருக்கிறாரா?"

மயூரி இதையும் மொழிபெயர்த்தாள். விருந்தாளி போனதும் சின்னம்மா எழுந்தார்.

"தம்பி, சப்பாத்தைப் போடு. நடந்திட்டு வருவம்."

அவர் தன் காலணிக்கு அடியில் ஆணி வைத்த ரப்பர்ப் பட்டியை இழுத்து மாட்டினார். என்னிடம் அது இல்லை. ஆகவே எண்பத்து மூன்று வயதுக்காரர் உறுதியாக நடக்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஆர் சொன்னது?"

"வதனி. எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுச் சொன்னவள். சித்தப்பா செத்த அண்டு."

"அப்ப ஒரு வருசமா என்னோடை ஒண்டும் தெரியாத மாதிரிக் கதைச்சிருக்கிறாய்."

"நீங்கள் அறுபது வருசம் கதைச்சியள்."

அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தார். "இப்ப உனக்கு என்ன வேணும்?"

"ஒருக்கா உங்கடை வாயாலை சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"சொல்ல மாட்டன்."

இவ்வளவு நேரடியாக வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"அக்காவுக்கு நாலு தரம் அழிஞ்சது. மாமியார் அத்தானுக்கு வேறை பொம்பிளை பாக்கத் தொடங்கிட்டா. நான் உன்னைக் கொண்டுபோய்க் குடுத்தனான். இரவல் குடுக்கேல்லை, தம்பி. இனி இது உன்ரை, நான் ஒரு நாளும் உரிமை சொல்ல மாட்டன் எண்டு சொல்லிக் குடுத்தனான். அவள் செத்துப்போனாள் எண்டதுக்காக அந்தச் சொல்லு இல்லையெண்டு போகுமே?"

"சித்தப்பா?"

"அவர் அண்டைக்கு அழுதவர். பிறகு அதைப் பற்றிக் கதைக்கேல்லை. நாளைக்கு வதனி உன்னை இருத்தப் பாக்கிறாள், எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறாள். நீ இவருக்கு மகனா இருந்து திவசம் குடுத்தா, அக்கா ஆர்? பிள்ளையில்லாதவள். செத்தவளை நான் திரும்பவும் மலடி ஆக்க மாட்டன். இருக்கிறதும் இருக்காததும் உன்ரை விருப்பம். என்னட்டைக் கேளாதை."

எனக்குக் கோபம் வந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் தங்களுக்குள் நேர்மையாக முடித்துக்கொண்ட காரியம் இது. கைமாறிய பொருளிடம் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது கால் வழுக்கிவிட்டது. அவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். பிடி தளர நேரமெடுத்தது. அப்படியே வீட்டுக்கு நடந்தோம்.

அன்று மாலை கடலை டாக்கோவில் மோர்மிளகாய் இருந்தது. மயூரி என்னைவிட இரண்டு அதிகம் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை மயூரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பிறகு குடிக்கிறேன் என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஐயர் மலையேறுபவரைப்போல முதுகுப்பையோடு வந்தார். உள்ளே தர்ப்பையும் எள்ளும் செம்பும். நோர்வேயின் வீடுகளில் புகை வந்தால் மணியடிக்கும் கருவி கூரையில் இருக்கிறது. ஆகவே கர்ப்பூரம் பல்கனியில்தான் கொளுத்த வேண்டும் என்று குகன் காவல் நின்றார். "போன தரம் ஒரு வீட்டிலை தீயணைப்புக்காரர் கோடாலியோடை வந்திட்டாங்கள், ஐயா." உறவினரும் அயலவருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நிலத்தில் விரிப்பில் இருந்தார்கள். சின்னம்மா சுவரோரக் கதிரையில் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஐயர் பிண்டத்துக்கு இலை போட்டுவிட்டு நிமிர்ந்தார். "திவசம் குடுக்கிறது ஆர்? மகன் வந்திருக்கிறாராமே, முன்னாலை வரட்டும்."

வதனி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இருபதடிகூட இல்லாத அந்த அறையில் எல்லாரும் என் முகத்தையும் மாலை போட்ட படத்தையும் மாறி மாறிப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. சின்னம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தடுக்கப் போவதில்லை. உரிமை சொல்ல மாட்டேன் என்றவர், வேண்டாம் என்று சொல்வதும் ஓர் உரிமை என்று நினைத்தாரோ என்னவோ.

"ஐயா, நான் தமக்கையின்ரை மகன்" என்றேன். "அம்மாவின்ரை தங்கச்சிதான் இவ. சித்தப்பாவுக்குப் பிள்ளை வதனி. அவள் குடுக்கட்டும்."

"அண்ணை!" என்றாள் வதனி.

ஐயர் தயங்கினார். "பொம்பிளைப் பிள்ளை... மருமகன் இருக்கிறார்தானே, அவர்..."

"அவள்தான் கடைசி மட்டும் அவரைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தினவள்" என்றார் சின்னம்மா. குரல் உயரவில்லை. "அவள் குடுத்தா அவருக்குச் சேரும். வா பிள்ளை."

வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். தர்ப்பை மோதிரம் அவள் விரலுக்குப் பெரிதாக இருந்தது. ஐயர் அதை இறுக்கி முடிந்துவிட்டார். எள்ளும் தண்ணீரும் அவள் விரலிடுக்கால் ஒழுகுவதை, மற்றவர்களோடு சேர்ந்து, பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

பிறகு சாப்பாடு. உறைபெட்டியிலிருந்து வந்த வாழையிலைகள் ஓரத்தில் கறுத்திருந்தன. ஆட்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். நான் கடைசியாகப் போய் மேசையில் இருந்தேன். சின்னம்மா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார்.

"காலமை தேத்தண்ணியும் தொடேல்லையாம். மயூரி சொன்னவள்."

திவசம் முடியும்வரை தண்ணீர் வாயில் படாமல் இருப்பது கொடுப்பவரின் விரதம். பெறாமகனுக்கு, அதாவது தமக்கையின் பிள்ளைக்கு, அது இல்லை. இது அவருக்கும் தெரியும்.

"விரதமோ?"

"ஓம்."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வதனி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அக்காவின்ரை திவசத்துக்கும் உப்பிடி இருக்கிறனியோ?"

"வருசா வருசம். ஒருக்காலும் விட்டதில்லை."

"ம்" என்றார். என் இலையில் சோறு வைத்தார், பருப்பு விட்டார், வாழைக்காய்ப் பொரியலை இரண்டு தரம் வைத்தார். அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாத்திரத்தை என் பக்கம் வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து, ஓர் இலையை எடுத்து என் இலையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"எனக்கும் போடு" என்றார்.

நான் எழுந்து பரிமாறினேன்.